ஒன்பது சுரங்களுக்குள் ஒரு மெட்டு

ஹேண்ட்பேன் என்று இன்று அழைக்கப்படும் எஃகு இசைக்கருவி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபெலிக்ஸ் ரோனர், சபினா ஷேரர் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘ஹாங்’ என்னும் கருவியின் வழிவந்தது. குச்சிகளால் வாசிக்கப்படும் டிரினிடாட் தீவின் ஸ்டீல்பேனைச் செய்துவந்த அவர்களிடம், கடம் வாசிப்பில் ஈடுபாடு கொண்ட சுவிஸ் தாளக் கலைஞர் ரெட்டோ வெபர், வெறுங்கையால் வாசிக்கத்தக்க, சில சுரங்களும் உடைய ஒரு கருவியைக் கேட்டதே அதற்கு வித்தாயிற்று. கடத்தோடு இதற்குள்ள உறவு அந்த வேண்டுகோளோடு முடிந்துவிடவில்லை. கடத்தின் வாய்க்கு நிகராக இதன் அடியோட்டில் ‘கு’ எனப்படும் துளை உண்டு. கடக் கலைஞர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஒலியை மாற்றுகிறார் என்றால், கருவியை மடியில் வைத்து வாசிப்பவர் முழங்கால்களை நெருக்கியும் அகற்றியும், உள்ளிருக்கும் காற்று அதிர்வதால் எழும் அடிநாதத்தைச் சற்றே இறக்கி ஏற்றுகிறார்.

இரண்டு எஃகு ஓடுகளை விளிம்பில் ஒட்டிச் செய்யப்படும் இக்கருவியின் மேலோட்டின் நடுவில் ‘டிங்’ என்னும் மிகத் தாழ்ந்த சுரம் புடைத்து நிற்க, அதைச் சூழ்ந்து ஏழு அல்லது எட்டுச் சுரப்பகுதிகள் வட்டமாக அமைகின்றன. ஒவ்வொரு சுரப்பகுதியும் ஒரே அதிர்வெண்ணுக்கு மட்டுமன்றி, அதன் இருமடங்குக்கும் மும்மடங்குக்கும், அதாவது மேல்ஸ்தாயி ஷட்ஜத்துக்கும் அதற்கும் மேலுள்ள பஞ்சமத்துக்கும் ஒப்பாகச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கப்படுகிறது. எனவே சுமார் 147 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் டிங்கைத் தட்டினால் 294, 441 ஆகிய அதிர்வெண்களும் உடன் எழுந்து, அவற்றுக்கு இணையான சுரப்பகுதிகள் வட்டத்தில் இருந்தால், கைபடாமலே அவற்றையும் மெல்ல ஒலிக்கச் செய்கின்றன. ஒரே தட்டில் பல கருவிகள் சேர்ந்து ஒலிப்பதாகக் கேட்பவர் மயங்குவது இதனால்தான்.

பயில்வோர் முதலில் பழக வேண்டியது தட்டுவதை விட, தட்டிய விரலை உடனே எடுப்பதைத்தான். விரல் எஃகின்மீது ஒரு கணம் தங்கினாலும் நாதம் அமுங்கிவிடும். வலுவாக அடித்தால் ஒலி சிதறுவதோடு நாளடைவில் சுருதியும் கலையக்கூடும். சுரப்பகுதிகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் விரலால் தட்டினால் சுரமற்ற ‘டக்’ என்னும் ஒலி கிடைக்கும். சுரங்களுக்கிடையே இந்த ஒலியை மெலிதாக இட்டுத் ‘தகதிமி’, ‘தகிட’ என்னும் சொற்கட்டுகளை நிரப்பும்போதுதான் மெட்டுக்கு நடை உண்டாகிறது.

இன்று பரவலாக வாங்கப்படும் ‘டி கர்டு’ என்னும் அமைப்பை எடுத்துக்கொண்டால், டிங் மந்தர ஷட்ஜமாகவும், சுற்றிலும் மந்தர ஸ்தாயியின் ப, த, நி, பின்னர் மத்திய ஸ்தாயியின் ச, ரி, க, ம, ப ஆகியவையும் அமைய, நடபைரவியின் சுரங்கள் கைக்கு வருகின்றன. ரிஷபத்தையும் தைவதத்தையும் தொடாமல் வாசித்தால் சுத்த தன்யாசி. அதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு காந்தாரத்தை ஷட்ஜமாகக் கருதினால் மோகனம். ஆதார ஷட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் காண்பதாகிய கிரகபேதத்தை விளக்க இவ்வளவு வெளிப்படையான கருவி அரிது. பஞ்சமத்தில் தொடங்கி வட்டத்தை முழுதும் ஏறினால் தோடியின் சுரவரிசையே கிடைக்கிறது என்றாலும், ஒரு சுரத்தை அசைத்து அடுத்ததோடு இழைக்கும் கமகத்துக்கு இந்த எஃகில் இடமில்லையாதலால், கிடைப்பது வரிசைதானே தவிரத் தோடி அன்று.

மெட்டமைப்பில் தொடக்கநிலையினர் பலருடைய வாசிப்பும் ஒன்றுபோலவே ஒலிப்பதற்குக் கருவியின் அமைப்பே ஒரு காரணம். அடுத்தடுத்த சுரங்கள் இடமும் வலமுமாக மாறிமாறி வைக்கப்பட்டிருப்பதால், இரு கைகளையும் மாற்றிமாற்றிப் போட்டாலே ஆரோகணமும் அவரோகணமும் தாமாக வந்துவிடுகின்றன. கைக்கு எளிதான அந்த வழியே மெட்டாகவும் நிலைத்துவிடுகிறது. முதலில் மூன்று அல்லது நான்கு சுரங்களைக் கொண்ட ஒரு பிடியை வாயால் பாடிப் பார்த்து, அதன் பிறகே அதைக் கருவியில் தேடுவது மேலான வழி. ‘சகம, பமக’ என்று பாடிய பிடி இடையிலுள்ள ரிஷபத்தைத் தாண்டச் சொல்லும்போது, கை தன் பழக்கத்தை விட்டு வேறு பாதை காண நேர்கிறது. அதே பிடியை இரண்டாம் முறை கடைசிச் சுரத்தை மட்டும் மாற்றியும், மூன்றாம் முறை அரை அட்சரம் தள்ளி எடுத்தும் வாசித்தால், எட்டு அட்சர ஆவர்த்தனம் ஒன்றுக்கு வேண்டிய சரக்கு சேர்ந்துவிடும்.

நாதம் சில விநாடிகள் நீடிப்பதால், விரைவான சுரக்கோவைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்புகின்றன. ஆகவே சுரத்தை நீட்டி நிற்கும் கார்வைகளை மெட்டமைக்கும்போதே திட்டமிட வேண்டும். அடுத்தடுத்துள்ள பஞ்சமமும் தைவதமும் அரைச்சுர இடைவெளியே கொண்டவை; முன்னதன் ஒலி ஓயுமுன் பின்னதைத் தட்டினால் இரண்டும் மோதி உறுத்தும். அந்த உறுத்தல் வேண்டாதவர், இரண்டுக்கும் நடுவே டிங்கையோ ஒரு ‘டக்’கையோ வைத்து நேரம் கொடுக்கலாம், அல்லது பஞ்சமத்தை மற்றொரு கையின் விரலால் தொட்டு அடக்கிவிட்டுத் தைவதத்துக்குச் செல்லலாம்.