எர்ணாவூர் மார்க்கமும் இலவச வழிகாட்டிப் படங்களும்

பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு பக்கங்களிலுள்ள விவசாயிகள் பலர், விளைபொருளைச் சென்னைக்குக் கொண்டுவருவதற்கும், மணலி உரத் தொழிற்சாலைப் பக்கம் சென்று திரும்புவதற்கும் வடசென்னைத் துறைமுகப் பிரதேசத்தின் வழியாகவே போக்குவரவு செய்ய வேண்டியிருக்கிறது. இம்மார்க்கத்தில் எர்ணாவூர் ஓர் இடுக்கான இடமாகும். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவே கூடூர் செல்லும் இருப்புப்பாதை. கால்வாயையும் இருப்புப்பாதையையும் கடப்பதற்குப் பாலமுள்ள இடங்கள் சிலவே. ஆகையால் ஒரு திருப்பத்தில் தவறியவன் அடுத்த சந்தில் திரும்பிக்கொள்ளலாம் என்று எண்ணுவதற்கில்லை. கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் அகப்பட்டுக்கொண்டால், காலையில் பறித்த கீரை மத்தியானம்வரை வண்டியிலேயே வாடும்.

இக்காரணத்தால் செல்பேசியில் விலையின்றிக் கிடைக்கும் வழிகாட்டிப் படங்களின் குணதோஷங்களை விவசாயிகள் அறிந்திருப்பது அவசியம். எல்லாம் ஒன்றே என்ற எண்ணம் பரவலாயிருக்கிறது. அது சரியன்று.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். தான் நிற்குமிடத்தைச் செல்பேசி அறிவதற்கு இணையத் தொடர்பு கட்டாயமன்று. செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞைகளைக் கொண்டே அது இடத்தைக் கணித்துக்கொள்ளும். இணையம் வேண்டியிருப்பது படத்தை வரவழைப்பதற்கே. படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டவனுக்கு, தொடர்பு அற்றுப்போன இடத்திலும் வழி தெரியும். இதை அறியாமல், சமிக்ஞைக் கோடு குறைந்தவுடன் செல்பேசியைப் பையில் போட்டுவிடுகிறவர்களே அதிகம்.

கூகுள் மேப்ஸ் 2005-ம் வருஷத்தில் தொடங்கப்பட்டது. கடை, ஆலை, வங்கி, ஆஸ்பத்திரி முதலியவற்றைப் பெயர் சொல்லித் தேடுவதற்கு இதற்கு நிகரானது இப்போது இல்லை என்றே சொல்லலாம். சாலையில் செல்லும் செல்பேசிகளின் வேகத்தைக் கொண்டு நெரிசலைக் கணித்து நிறத்தால் காட்டுகிறது. ஆனால் இருசக்கர வண்டிக்கும் காருக்கும் தனித்தனியே வழி சொல்லும் இச்செயலி, பார வண்டிக்கென்று தனி வழி சொல்லுவதில்லை. வண்டியின் உயரம், பாரம் இரண்டையும் அது கேட்பதே இல்லை. துறைமுக வரிசையில் நிற்கும் டிரெய்லரும், அதன் அருகே நுழைந்து ஓடும் மோட்டார் சைக்கிளும் ஒரே சாலையில் இருக்கின்றன என்பதை யோசித்தால், அது காட்டும் நேரம் வைக்கோல் லாரிக்குப் பொருந்தும் என்று நம்பலாகாது என்பது விளங்கும். குறுகலான தெருக்களில் கார்களை விடாமல் தடுக்கும் ஏற்பாடு ஒன்று 2024-ம் வருஷத்தில் சென்னை உட்பட எட்டு நகரங்களுக்கு அறிவிக்கப்பட்டது; அதுவும் கார்களைக் கருதியதே. இறக்கி வைத்த படத்தில் வாகன வழி கிடைக்கும்; நெரிசல் விவரமும் நடைவழியும் கிடையா.

மேப்பல்ஸ் என்பது நம் நாட்டிலேயே மேப்மைஇந்தியா கம்பெனியார் தயாரித்தது. இந்திய விலாசங்களிலும், சாலைச் சந்திப்புகளைப் படமாக எடுத்துக் காட்டுவதிலும், வேகத்தடைகளை முன்கூட்டி எச்சரிப்பதிலும் இது கவனம் செலுத்தியிருக்கிறது. மேம்பாலத்தில் ஏறுவதா, கீழே செல்வதா என்ற சந்தேகம் எழும் இடங்களில் இவ்வகைச் சந்திப்புப் படம் பிரயோஜனமானது. ஒவ்வோர் இடத்திற்கும் ஆறெழுத்துக் குறியீடு ஒன்று தரப்படுவதால், கதவெண் இல்லாத களத்து மேட்டிற்கும் விலாசம் உண்டாகிறது. கடைப் பெயர்களின் தொகை கூகுளினுடையதைப் போல் அவ்வளவு விரிவாயில்லை.

மூன்றாவது வகை, 2004-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஆரம்பித்த ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுப் படத்தை ஆதாரமாகக் கொண்டது. ஊராரே எழுதித் திருத்தும் படம் இது. இதைக் கொண்டு ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் என்ற இரு செயலிகள் இயங்குகின்றன. வேண்டிய பிரதேசத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால், பின்னர் இணையமின்றியே தேடலும் வழிகாட்டலும் நடைபெறும். ஆர்கானிக் மேப்ஸில் விளம்பரம் கிடையாது. நெரிசல் விவரமும் கிடையாது. ஆஸ்மண்டில் வண்டியின் உயரத்தையும் பாரத்தையும் முன்னதாகக் குறித்து வைக்கலாம். எனினும், தாழ்ந்த பாலத்தின் உயரத்தை யாரேனும் படத்தில் எழுதியிருந்தால்தான் அது விலகிச் செல்லச் சொல்லும். எழுதாத பாலம் அதற்குத் தெரியாது. ஆரம்பத்தில் ஆஸ்மண்டின் அமைப்பு மலைப்பாகத் தோன்றும்; லாரி வைத்திருப்பவர் அந்தச் சிரமத்தைப் படுவது வீண் போகாது.

ஆகவே பார வண்டியுடன் எர்ணாவூர் வழி செல்லுகிறவர் ஒரே செயலியை நம்பாமல், புறப்படுமுன் வீட்டிலேயே இறக்கி வைத்த படத்தில் பாலங்களைப் பார்த்துக்கொண்டு, புறப்படும் சமயத்தில் கூகுளில் நெரிசலைக் கவனிப்பது உசிதம். சென்னையின் பல சாலைகளில் பார வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. அதைப் போலீஸ் அறிவிப்பில் கண்டுகொள்ள வேண்டுமேயன்றிப் படத்தில் தேடிப் பயனில்லை.

இடத்தைத் தேடும்போது பெயரின் எழுத்து ஒரு பெருங் குழப்பம். எர்ணாவூரை எரணாவூர் என்றும் எழுதுவோர் உண்டு. ஆங்கிலத்திலோ அது பலவாறு எழுதப்படுகிறது. மணலி வேறு, மணலிப் புதுநகர் வேறு. பெயரை அரைகுறையாய் இட்டவன் சில மைல் தள்ளிப் போய் நிற்பான். ஆகையால் சரக்கு இறக்குமிடத்துக்காரரிடம் பெயரைக் கேட்பதைவிட, அவர் நிற்குமிடத்தின் குறியை அனுப்பச் சொல்லிக் கேட்பதே மேல். நெல் கொள்முதல் நிலையங்கள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பருவந்தோறும் திறந்து மூடப்படும் நிலையம் படத்தில் மட்டும் என்றும் திறந்தேயிருக்கும். மூட்டைகளை ஏற்றுமுன் கிராம நிர்வாக அலுவலரையோ நிலையத்தாரையோ விசாரித்துக்கொள்ளாமல் புறப்படலாகாது.

படத்திலுள்ள தொலைபேசி எண்களும் அப்படியே நம்பத்தக்கவையல்ல. திருத்தம் எவரும் அனுப்பலாம் என்ற சௌகரியத்தைத் துஷ்டர்கள் உபயோகித்துக்கொண்டு, வங்கிகளின் எண்ணுக்குப் பதில் தம் எண்ணைப் புகுத்தி மோசம் செய்தது 2018-ம் வருஷத்தில் மகாராஷ்டிரத்தில் வெளிப்பட்டது. வங்கியின் எண்ணைப் பாஸ் புத்தகத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர்ப் பகுதியில் எண்ணெய் கலந்த வெள்ளநீர் வீடுகளுக்குள் புகுந்தது. படத்தில் தெரு தெருவாகவே காணப்படும். நீர் நிற்பதை ஒருவர் எழுதி அனுப்பும்வரை செயலி அறியாது.

கடைசியாக, நிலவுடைமையாளர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் எல்லையைப் பற்றியது. செல்பேசிப் படத்தில் வரப்பைப் பார்த்துக் கல் நடும் வழக்கம் சில இடங்களில் தலைகாட்டுகிறது. இது பெரும் பிசகு. திறந்த வெளியிலும் செல்பேசி காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் விலகக்கூடும். 100 மீட்டர் நீளமுள்ள எல்லையில் 5 மீட்டர் தள்ளினால் 500 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 12 சென்ட் நிலம் கைமாறிவிடும். 1802-ம் வருஷத்தில் பரங்கிமலையருகே லாம்டன் துரை சுமார் 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலி பிடித்து அளக்க ஐம்பது நாட்களுக்கு மேல் செலவிட்டார் என்றால், அளவையில் அவசரம் எவ்வளவு ஆகாதது என்பது தெரியவரும். மேலும் எண்ணூர்க் கழிமுகத்தையடுத்து, படத்தில் வெறும் தரிசாகக் காணும் இடங்களில் பல, ஓதநீர் ஏறி இறங்கும் சதுப்புகளாகும். அவற்றிற்குக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் உண்டு. அங்கு நிலம் வாங்க விரும்புவோர் படத்தின் நிறத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது.

பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் இட்டுப் பார்க்கலாம். அதிலும் தகராறு தீராவிடில், உரிய கட்டணம் செலுத்தி நில அளவரைக் கொண்டு அளக்கும்படி மனுச் செய்துகொள்ள வேண்டும். அளக்கும் நாளில் அண்டை நிலத்தாரும் ஆஜராயிருப்பது நல்லது.