தேவதைக்கு முழங்கை எங்கே?

லெக்சர் நடக்கும்போது நோட்டோட கடைசிப் பக்கத்துல படம் வரையற கோஷ்டியா நீங்க? அப்ப கொஞ்சம் இப்படி வாங்க. ஒரு தேவதைகிட்ட நான் பட்ட பாட்டைச் சொல்றேன்.

றெக்கையை விரிச்சுக்கிட்டு, சம்மணம் போட்டு வீணை வாசிக்கிற தேவதை. டிபார்ட்மென்ட் மேகஸின் அட்டைக்காக வரைஞ்சேன். மூணு ராத்திரி, ரெண்டு பென்சில் காலி. ஹாஸ்டல் முழுக்க 'மச்சி சூப்பர்', 'கலக்கிட்டடா' மழைதான். நானும் நனைஞ்சுக்கிட்டே சுவர்ல ஒட்டி வெச்சேன்.

அப்பத்தான் பக்கெட் கடன் கேட்டு வந்தார் விலங்கியல் ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர். படத்தையே பார்த்தார். "தம்பி, இந்த றெக்கை எங்கேருந்து முளைக்குது?"

"முதுகுலேருந்துதான்ணா."

"முதுகுல எங்க? முழங்கையைக் காணோமே?"

பறவையோட றெக்கைங்கறது வேற ஒண்ணும் இல்லையாம், அதோட கைதானாம்! தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் நமக்கு இருக்கிற மாதிரியே இருக்கு. காக்காவை எடுத்துக்கிட்டா, நுனியில விரல் மாதிரி விரியுற 10 பெரிய இறகும் கைப்பகுதி எலும்புல நிக்குது. அதுக்கு உள்பக்கம் இருக்கிற இறகு வரிசை முன்கை எலும்புல நிக்குது. நான் வரைஞ்சதுல மடங்குற இடமே இல்லை. "ரெண்டு பனை விசிறியை முதுகுல சொருகின மாதிரி இருக்குடா"ன்னு சொல்லிட்டு பக்கெட்டோட போயிட்டார்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! தேவதைக்கு ஏதுய்யா அனாடமின்னு மனசுக்குள்ள கத்தினேன். நீங்களா இருந்தாலும் கத்தியிருப்பீங்க. ஆனா காலையில எழுந்து பார்த்தா, சுவர்ல தேவதையைக் காணோம். ரெண்டு விசிறிதான் தெரிஞ்சுது. ஒருத்தர் சொல்லிட்டா அப்புறம் அது கண்ணைவிட்டுப் போகவே போகாது. மொட்டைமாடி தண்ணி டேங்க் பக்கத்துல உட்கார்ந்து, ஒரு வாரம் காக்கா மட்டுமே வரைஞ்சேன். காக்கா போஸ் கொடுக்காதுங்கிறதையும் அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இந்தத் தலைவலியை நம்ம பல்லவர் காலத்துச் சிற்பிகள் சுலபமா முடிச்சிருக்காங்க. மாமல்லபுரம் டூர் போனா, அர்ச்சுனன் தபசு பாறை முன்னாடி குரூப் போட்டோ எடுத்த கையோட ஓடிடாதீங்க. 7-ம் நூற்றாண்டு வேலை அது. அதுல பறக்கிற தேவர்களுக்கு றெக்கையே கிடையாது! காலை மடக்கி, உடம்பைச் சாய்ச்சே பறக்க வெச்சிருக்காங்க. கின்னரர்களுக்கோ இடுப்புக்கு மேல மனுஷ உடம்பு, கீழே பறவை. கை ரெண்டும் ஃப்ரீ, தாராளமா வாத்தியம் வாசிக்கலாம்.

என் தேவதை அந்த விஷயத்துலயும் மாட்டினா. சின்ன வயசுலேருந்து வீணை கத்துக்கிற கிளாஸ்மேட் ஒருத்தி படத்தைப் பார்த்துட்டு, "இவ வாசிக்கலையே, வீணையைப் புடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு உட்கார்ந்திருக்கா"ன்னா. பெரிய குடம் வாசிக்கிறவரோட வலது பக்கம் தரையில இருக்கணும், சின்னக் குடம் இடது தொடை மேல. நான் அப்படியே மாத்திப் போட்டிருந்தேன். 24 மெட்டுல இடது கையோட ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அழுத்தணும். என் தேவதை முழுக் கையையும் பரப்பி தண்டியைத் தடவிக்கிட்டு இருந்தா.

மூணாவது அடி, ஓவியக் கல்லூரியில படிக்கிற எங்க தெரு அண்ணன்கிட்டேருந்து. "வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருது?" அவ்வளவுதான் கேட்டார். நான் 6பி-யால முழுக்கக் கறுப்பாக்கி, விரலால தேய்ச்சு, ஒவ்வொரு இறகையும் எண்ணி வரைஞ்சிருந்தேன். வெளிச்சம் படுற இடத்துல பேப்பரை வெறுமனே விடு, நிழல்ல ஒரு கொத்து இறகை மட்டும் காட்டு, மிச்சத்தைப் பார்க்கிறவன் கண்ணு வரைஞ்சுக்கும்னார். தந்திக்கு ஒரு ட்ரிக்கும் கொடுத்தார். மை தீர்ந்த ரீஃபிலால முதல்ல பேப்பர்ல அழுத்திக் கோடு போடணும். அப்புறம் பென்சிலைச் சாய்ச்சு மேலே ஷேட் பண்ணினா, பள்ளத்துல கரி ஏறாது. வெள்ளையா தந்தி மின்னும். இன்னிக்கே ட்ரை பண்ணிப் பாருங்க!

அதுக்காக யார் சொன்னாலும் கேட்கணுமா? பழைய கிரேக்கத்துல அப்பெல்லிஸ்னு ஒரு ஓவியர். படத்தை வெளியில வெச்சுட்டு, பின்னாடி ஒளிஞ்சு நின்னு ஜனங்க பேசறதைக் கேட்பாராம். செருப்பு தைக்கிறவர் ஒருத்தர் செருப்போட வாரைக் குறை சொன்னார், ஓவியர் திருத்திட்டார். மறுநாள் அதே ஆள் காலையும் குறை சொல்ல, 'செருப்புக்கு மேல போகாதே'ன்னு சீறிட்டாராம். பிளினி எழுதி வெச்ச கதை இது. எனக்கென்னவோ அந்தக் காலும் கோணலாத்தான் இருந்திருக்கும்னு தோணுது!

ஆனா ஒண்ணு. என்னைவிட பத்து மடங்கு நல்லா வரையற நண்பன் ஒருத்தன் இருந்தான். 'இதெல்லாம் சோறு போடுமா?'ன்னு வீட்டுல ஒருத்தர் கேட்ட அன்னிக்கு பென்சிலைக் கீழே வெச்சவன், இன்னும் எடுக்கலை. முழங்கை எங்கேன்னு கேட்கறது படத்தைப் பத்தின கேள்வி. அவன்கிட்ட கேட்டது படத்தைப் பத்தினதே இல்லை. இது ரெண்டையும் அவன் ஒண்ணா எடுத்துக்கிட்டான். பக்கத்துல இருந்த நானும் வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாம, 'சூப்பர் மச்சி'ன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தேன்.

இப்பல்லாம் நான் 'எப்படி இருக்கு?'ன்னு கேட்கறதில்லை. 'முதல்ல எது உறுத்துது?'ன்னுதான் கேட்கறேன். ஆள் கிடைக்கலைன்னா படத்தைக் கண்ணாடியில காட்டிப் பார்ப்பேன். லியனார்டோ டாவின்சி சொன்ன யோசனை அது. இடம் வலம் மாறினதும் வேற யாரோ வரைஞ்ச மாதிரி தெரியும். தப்பு தானா பல்லிளிக்கும்.

மேகஸின் அட்டைக்கு வேற படம் போயிடுச்சு. நான் ரெண்டாவது தேவதையை வரைஞ்சு முடிச்சு, விலங்கியல் அண்ணன் ரூமுக்கே கொண்டு போனேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முழங்கை வந்துடுச்சு. சரி... வால் எங்கடா?"