எட்டு கிராமும் எண்ணூறு கிலோவும்

ஆனைமலையின் டாப்சிலிப் பக்கம் காட்டுமாடுகள் மேயும் புல்வெளியை ஒட்டிய புதரில் தையல்சிட்டு தாவித் திரியும். சிட்டின் எடை சுமார் 8 கிராம். வளர்ந்த காட்டுமாட்டுக் காளை சுமார் 800 கிலோ இருக்கும். எடையில் ஒரு லட்சம் மடங்கு. அப்படியென்றால் காளைக்கு லட்சம் சிட்டுகளின் தீனி வேண்டுமா?

வேண்டாம். உடல் செலவிடும் ஆற்றல் எடையின் ஏறத்தாழ முக்கால் அடுக்காகத்தான் கூடுகிறது என்று 1932இல் உடலியல் அறிஞர் மாக்ஸ் கிளைபர் காட்டினார். அந்தக் கணக்கில் காளைக்குச் சுமார் 5,600 சிட்டுகளின் ஆற்றல் போதும். கிராமுக்குக் கிராம் பார்த்தால் சிட்டுதான் பதினெட்டு மடங்கு பெருந்தீனிக்காரி!

டம்ளர் வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும், அண்டா வெந்நீர் ஆறாது. சிற்றுடலிலும் அப்படித்தான் சூடு வேகமாக வெளியேறுகிறது. அதை ஈடுகட்டச் சிட்டு விடிந்ததிலிருந்து பூச்சி, புழு, சிலந்தி என்று பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த அளவுப் பறவைகளின் இதயம் நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் துடிக்கும். மாட்டினத்துக்கோ 60, 70 தான். காட்டுமாடு புல்லை விழுங்கிவிட்டு, நிழலில் படுத்து நிதானமாக அசைபோடும். நான்கு அறை வயிற்றில் நுண்ணுயிர்கள் அந்தப் புல்லின் நாரைச் செரிக்க ஒரு நாளுக்கு மேலாகும். பெரிய உடம்புக்குத்தான் அந்தப் பொறுமை கட்டுப்படியாகும்.

இனப்பெருக்கத்திலும் அதே வேக வித்தியாசம்தான். காட்டுமாட்டின் சினைக்காலம் ஒன்பது மாதம், பெரும்பாலும் ஒரே கன்று. சிட்டின் முட்டை பன்னிரண்டு நாளில் பொரிந்துவிடும். அந்த முட்டைக்கான கூட்டைத் தைப்பது பெட்டை. உயிருள்ள பச்சை இலையின் இரு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்து, ஊசி அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையோ பஞ்சையோ நுழைக்கிறது. வெளியே வந்த நுனி பிசிறாக விரிந்து கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்கிறது. துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை வாடுவதில்லை. பச்சையாகவே தொங்கிக் கூட்டை மறைக்கிறது. எட்டு கிராம் உடம்பு செய்கிற இந்த வேலைக்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை.

காட்டுமாட்டைக் காண மலையேற வேண்டும். தையல்சிட்டு நம் வீட்டுச் செடியிலேயே கூடு கட்டும். செடியைக் கத்தரிக்கும் முன் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். தைத்த இலை தென்பட்டால், குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதம் அதை விட்டுவையுங்கள். பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள்.