கதிரையை விட்டுக் கரைக்கு வந்தவர்



தலைமன்னார்க் கரையில் நின்று மேற்கே நோக்கியவர்கள் அறிவார்கள்: மணல் திட்டுகளும் ஆழங்குறைந்த நீருமாக அந்தக் கடல் இராமேசுவரத்தை நோக்கி நீண்டு செல்கிறது. நம் முன்னோர் எத்தனையோ பேர் அவ்வழியே வந்தார்கள். 1990ஆம் ஆண்டில் எத்தனையோ பேர் அவ்வழியே உயிர் தப்பிப் போனார்கள். அதே கரையில், 1705ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், இருபத்தொன்பது வயதுடைய குருவானவர் ஒருவர் வந்து இறங்கினார். அவரை வரவேற்க ஆலய மணி ஒலிக்கவில்லை, ஒலித்திருக்கவும் முடியாது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு வீட்டில் இடங்கொடுப்பதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக அறிவித்திருந்தனர்.

அவர்தாம் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். நம் மூத்தோர் அவரைச் சாங்கோபாங்க சுவாமியார் என்று அன்போடு அழைத்தனர். தவக்காலத்தில் நம் ஆலயங்களில் உருக்கமாகப் பாடப்படும் ‘வியாகுலப் பிரசங்கம்’ இவர் தந்த கொடையே. அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் பலர். அதை எழுதியவர் யார் என்று கேட்டவர்கள் சிலரே. ஆகவே அவரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

கோவாவின் திவார் தீவில் 1676ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தாய்மொழி கொங்கணி. இயேசு சபையினரின் கல்லூரியில் இலத்தீனும் இசையும் மெய்யியலும் பயின்றார்; இறையியலும் கற்றுக் குருவானார். புனித பிலிப்பு நேரியாரின் வழியைப் பின்பற்றிய கோவா ஓரட்டோரியன் சபையில் சேர்ந்தார். அவருடைய அறிவாற்றலைக் கண்ட மேலோர், மெய்யியல் கற்பிக்கும் பேராசிரியர் கதிரையை அவருக்கு வழங்கினர். அக்காலக் கோவாவில் ஓர் உள்ளூர்க் குருவுக்கு அது சிறிய பெருமையன்று. நூல்களும் மாணவரும் நிறைந்த, அச்சமற்ற வாழ்வு அவர்முன் விரிந்து கிடந்தது. அவரோ அதைத் துறந்து, இலங்கைக்குச் செல்ல முன்வந்தார்.

ஏன் இலங்கை? அங்கே புனித யோசேப்பு வாஸ் அடிகளார் உழைத்துக்கொண்டிருந்தார். 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் கால்வைத்த அவர், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இத்தீவு முழுமைக்கும் தனியொரு குருவாக நடந்து திரிந்தார். பின்னர் ஓரிருவராகத் துணை வந்தபோதும், சிதறிக் கிடந்த மந்தையின் பசிக்கு அது போதவில்லை. மன்னார்ப் பகுதியின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1544இல் விசுவாசத்துக்காக இரத்தம் சிந்திய மண் இது. 1670 அளவில் மாந்தையிலிருந்த விசுவாசிகள் தேவதாயின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஒதுங்கினர். விசுவாசம் இருந்தது, திருப்பலி நிறைவேற்றவும் மறைநூலை விளக்கவும் ஆளில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் வரும் எத்தியோப்பிய அதிகாரியை நினைவுகூருங்கள். தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டை வாசிக்கிறார், பொருள் விளங்கவில்லை. விளக்குவதற்கு ஒருவர் வேண்டுமே என்று ஏங்குகிறார். அவர் வாசித்துக்கொண்டிருந்த பகுதியோ துன்புறும் ஊழியரைப் பற்றியது. பிலிப்பு ஓடிச்சென்று தேரில் ஏறி, அவரருகே அமர்ந்து விளக்குகிறார். மன்னார்க் கரையோர மக்களின் தேரில் ஏறி அமர வந்த பிலிப்பாகவே கொன்சால்வெஸ் அடிகளாரை நான் காண்கிறேன்.

அந்தத் தேரில் ஏறுவதற்கு முதலில் மொழி வேண்டும். மே மாதம் கோவாவை விட்டுப் புறப்பட்ட நெடும்பயணத்திலேயே அவர் தமிழ் கற்கத் தொடங்கினார். மன்னாரில் பணியாற்றியபின், வாஸ் அடிகளாரின் விருப்பப்படி கண்டிக்குச் சென்று சிங்களத்தையும் ஆழமாகக் கற்றார். சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடிக்கு வந்தது 1706இல். வீரமாமுனிவர் தமிழகம் வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. ஏறத்தாழ ஒரே காலத்தில் கடலின் இருகரைகளிலும் வேற்றுமொழியாளர் தமிழின் காலடியில் மாணவராய் அமர்ந்தனர் என்பது நாம் நன்றியோடு எண்ணவேண்டிய செய்தி.

அவர் எழுதியவை பல. தமிழில் வியாகுலப் பிரசங்கம், சுவிசேஷ விரித்துரை, தேவ அருள்வேத புராணம் முதலியன. சிங்களத்தில் தேவ வேத புராணய, துக் பிராப்தி பிரசங்கய முதலியன. போர்த்துக்கேயம், தமிழ், சிங்களம் ஆகிய மொழிகளுக்கு அகராதிப் பணியும் செய்தார். அவருக்கு அச்சகம் வாய்க்கவில்லை. ஏட்டில் எழுதி, படியெடுத்து, கைமாற்றிக் கைமாற்றி ஊர்களுக்கு அனுப்பவேண்டியிருந்தது.

அவ்வேடுகளை யார் வாசித்தார்கள்? குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே பெரிது என்றிருந்த காலத்தில், ஒவ்வோர் ஊரிலும் மூப்பரும் அண்ணாவியும் இருந்தனர். ஞாயிற்றுக்கிழமை மக்கள் கூடும்போது அண்ணாவியார் செபங்களைச் சொல்லி, நற்செய்தியையும் விளக்கத்தையும் உரத்து வாசிப்பார். எழுத்தறியாதவர் செவியால் கற்றனர். ஆகவேதான் அடிகளாரின் உரைநடை காதுக்கென்றே எழுதப்பட்டது போல இழுத்துப் பாடத்தக்கதாய் அமைந்திருக்கிறது. கடவுள் ஏன் துன்புறவேண்டும் என்பது மெய்யியலின் கடினமான வினாக்களுள் ஒன்று. அதைக் கற்றறிந்த அம்மனிதர், மீனவரும் உழவரும் கேட்டு நெஞ்சுருகும்படி ஆண்டவருடைய பாடுகளின் கதையாக அதைச் சொன்னார்.

இங்கே என் குறையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குருமடத்தில் மெய்யியல் கற்று, புதிதாகக் குருப்பட்டம் பெற்று, மன்னார்க் கரையோரக் கிராமமொன்றுக்குச் சென்றிருந்தேன். தவக்கால மறையுரையில் மேலைநாட்டு மெய்யியலாளர் மூவரின் பெயர்களைச் சொல்லி, துன்பத்தின் பொருள் குறித்து அரைமணி நேரம் பேசினேன். திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “சுவாமி நல்லாய்ப் படிச்சவர் எண்டு விளங்குது; சொன்னதுதான் ஒண்டும் விளங்கேல்லை” என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. என்மேல் இரக்கமே இருந்தது. அன்று மாலை அதே ஆலயத்தில் முதியவர் ஒருவர் வியாகுலப் பிரசங்கம் பாடினார். காலையில் என் உரைக்குத் தலைகவிழ்ந்து உறங்கியவர்களின் கண்கள் நனைந்திருந்தன. கணவனைக் கடலில் இழந்தவரும், மகனைப் போரில் இழந்தவரும் அங்கே இருந்தனர். துன்பத்தின் பொருள் குறித்து நான் அவர்களுக்குப் பாடம் சொல்லப் போயிருந்தேன்! கதிரையை விட்டு வந்த அடிகளாரை அன்றுதான் நான் அறியத் தொடங்கினேன். கையிலே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டே அந்தக் கிராமத்துக்குப் போயிருக்கிறேன் என்பதும் அன்றுதான் புரிந்தது.

அந்தப் பாடல் எனக்கு முன்பே அறிமுகமானதுதான். 1990இல் போர் எங்களை வீட்டிலிருந்து துரத்தியபோது மடுத் திருப்பதியின் நிழலில் தறப்பாள் கொட்டிலொன்றில் தஞ்சம் புகுந்தோம். அடுத்த ஆண்டுத் தவக்காலத்தில், வீட்டிலிருந்த பழைய புத்தகம் என்னவாயிற்றோ என்று அனைவரும் வருந்தியபோது, அம்மம்மா கண்களை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். பக்கம் பக்கமாக அவர் நெஞ்சில் இருந்தது அது. அயல் கொட்டில்களிலிருந்து ஒவ்வொருவராக வந்து அமர்ந்தார்கள். வீட்டையும் படகையும் தோட்டத்தையும் விட்டு வந்தவர்களால், இந்தப் பாடலை மட்டும் விடமுடியவில்லை. குருவும் ஆலயமும் இல்லாதிருந்த ஒரு காலத்துக்காக எழுதப்பட்ட நூல், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகிய பின்னர், புத்தகமே இல்லாத ஓரிரவில் தன் வேலையைச் செய்தது.

அடிகளாரைப் போற்றும்போது ஒன்றை மறைக்கலாகாது. சமய வாதங்கள் மலிந்த காலத்தில் வாழ்ந்த அவர், பிற சமயத்தாரையும் சீர்திருத்தச் சபையினரையும் கடிந்து எழுதிய நூல்களும் உண்டு. 1965இல் நிறைவெய்திய இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களை மதிப்போடு அணுகக் கற்பித்திருக்கிறது. கோவிலும் பள்ளிவாசலும் ஆலயமும் அருகருகே நிற்கும் நம் மாவட்டத்தில், அந்த வாத நூல்களின் தொனி நமக்கு வழிகாட்டி ஆகாது. அவரிடமிருந்து நாம் பெறவேண்டியது, மக்களின் மொழிக்காக அவர் செலுத்திய விலையை.

அந்த விலை முப்பத்தேழு ஆண்டுகள். கோவாவின் கதிரைக்கு அவர் திரும்பவே இல்லை. 1742ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், நீர்கொழும்புக்கு வடக்கேயுள்ள போலவத்தையில் இறைவனடி சேர்ந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அதற்குப்பின் சில ஆண்டுகளுக்குள் கண்டியரசும் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றியது. ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்து, ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கும்வரை, மக்கள் கையில் அந்த ஏடுகள் இருந்தன. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் யோசேப்பு வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தி, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து நம்மோடு செபித்தார். அன்று அங்கே திரண்ட மக்களின் விசுவாசத்தில், புனிதரின் கால்நடைக்குப் பங்கிருந்தது போலவே அவருடைய தோழரின் எழுத்தாணிக்கும் பங்கிருந்தது.

அன்பார்ந்த பெற்றோரே, இனி நம் வீடுகளைப் பார்ப்போம். இன்று நமக்குக் குருக்கள் உண்டு, ஆலயங்கள் உண்டு, அச்சிட்ட திருவிவிலியம் அலுமாரியில் உண்டு, கைத்தொலைபேசியில் மறையுரைகள் ஆயிரம் உண்டு. ஆனால் பிள்ளையின் அருகே அமர்ந்து ஒரு பக்கத்தை உரத்து வாசித்துப் பொருள் சொல்ல வீட்டில் ஆளுண்டா? கனடாவிலும் பிரான்சிலும் வளரும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கவில்லை என்று வருந்துகிறோம். நம் முற்றத்தில் வளரும் பிள்ளைகளுக்கும் நம் செபங்களின் சொற்கள் விளங்கவில்லை என்பதை நாம் கவனித்தோமா? விளங்காத பழஞ்சொல்லுக்குப் பொருள் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கும் தாயோ தந்தையோ அவ்வீட்டின் அண்ணாவி.

அடுத்த தவக்காலத்துக்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரில் வியாகுலப் பிரசங்கம் பாடத் தெரிந்த முதியவர் யார் என்று விசாரியுங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். ஒரு பகுதியைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். அவர் அனுமதித்தால் பதிவு செய்துகொள்ளுங்கள். இராகத்தைப் பிள்ளைகள் கற்கட்டும். அவர் போனபின் வருந்துவதில் பயனில்லை. என் அம்மம்மாவின் குரல் என்னிடம் பதிவாக இல்லை. மடுக் காட்டில் கேட்ட அந்த இராகத்தின் பாதியே என் நினைவில் நிற்கிறது. மறுபாதியை இப்போதுதான், அந்தக் கிராமத்து முதியவரிடம் மாணவனாய் அமர்ந்து கற்று வருகிறேன்.

ஆண்டவரே, எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் தேரில் ஏறி அமர எங்களுக்கும் மனம் தாரும்.