விடைத்தாள் உங்களுடையது, கிரேடு எல்லை யாருடையது?

பருவத் தேர்வு முடிவு வந்துவிட்டது. விடைத்தாள் நகல் கேட்பதற்கான கெடு முடியப்போகிறது. இந்த நேரத்தில் பொறியியல் மாணவர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் வரும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. நகல் வாங்கி, இன்டர்னலையும் சேர்த்துக் கூட்டினால் 72 வருகிறது. கிடைத்திருப்பதோ பி பிளஸ். போன செமஸ்டரில் வேறொரு பேப்பரில் 68-க்கே ஏ வந்தது. கணினியில் தப்பா, கல்லூரி ஏதாவது குளறுபடி செய்ததா என்று கேட்கிறார்கள்.

இரண்டும் இல்லை. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2021 விதிமுறையின்கீழ் படிப்பவர்களுக்கு இப்படி நடக்க விதியே இடம் தருகிறது. அந்த விதியைப் பலர் படித்ததில்லை. படித்தவர்களுக்கும் முழுதாகப் புரிவதில்லை. அதனால் கெடு தேதி, விண்ணப்பப் படிவம் போன்றவற்றைக் கல்லூரி அறிவிப்புப் பலகைக்கு விட்டுவிட்டு இந்த ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

முன்பிருந்த 2017 விதிமுறையில் கணக்கு எளிது. 91 முதல் ஓ, 81 முதல் ஏ பிளஸ், 71 முதல் ஏ, 61 முதல் பி பிளஸ், 50 முதல் பி. எந்தப் பேப்பரானாலும் இதே எல்லைதான். 2021 விதிமுறையில் இந்தப் பட்டியல் அழியவில்லை. பி 56-இல் தொடங்குகிறது, 50 முதல் 55 வரை சி என்று ஒரு படி கூடியிருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் ஒரு பாடத்தில் மாணவர் எண்ணிக்கை 30 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மட்டுமே செல்லும். 30-ஐத் தாண்டினால் ஒப்பீட்டு கிரேடு. உங்கள் மதிப்பெண்ணைத் தனியாக வைத்துப் பார்க்க மாட்டார்கள். அதே பாடத்தில் தேறிய மற்றவர்களின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

விதிப் புத்தகம் இதற்குச் சொல்லும் வழிமுறையின் பெயர் பாக்ஸ்–காக்ஸ் உருமாற்றம். ஜார்ஜ் பாக்ஸ், டேவிட் காக்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்தது. தரவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து குவிந்திருந்தால், அவற்றை ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்தி, நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சீராகச் சரியும் பரவலுக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதுதான் இதன் வேலை. எந்த அடுக்கு என்பதைத் தரவே தீர்மானிக்கும். ஆகவே அது ஒவ்வொரு பாடத்துக்கும் மாறும்.

இந்த உருமாற்றம் யாரையும் முந்தவோ பிந்தவோ வைக்காது. உங்களைவிடக் கூடுதலாக எடுத்தவர் கூடுதலாகத்தான் இருப்பார். மாறுவது மதிப்பெண்களுக்கு இடையிலான தூரம்தான். அந்தத் தூரத்தை வைத்துத்தான் ஓ எங்கே தொடங்குகிறது, ஏ பிளஸ் எங்கே முடிகிறது என்ற எல்லைகளை மென்பொருள் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கிறது. ஒரு பாடத்தில் தேறியவர்களின் சராசரி 60 என்றால் 70 எடுத்தவர் நல்ல உயரத்தில் நிற்கிறார். இன்னொரு பாடத்தில் சராசரி 72 என்றால் அதே 70 சராசரிக்குக் கீழே போய்விடுகிறது. 68-க்கு ஏ-யும் 72-க்கு பி பிளஸும் வருவது இப்படித்தான்.

இதில் ஒரு நியாயம் உண்டு, மறுப்பதற்கில்லை. கேள்வித்தாள் கடினமாக அமைந்த ஆண்டில் எல்லோருக்கும் மதிப்பெண் குறையும். பழைய முறையில் அந்த ஆண்டு படித்தவர்கள் தங்கள் தவறு எதுவும் இல்லாமல் ஒரு படி இறங்குவார்கள். ஒப்பீட்டு முறை அந்த அநீதியைச் சரிசெய்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு விருப்பப் பாட முறைக்குத் தந்த வழிகாட்டுதலும் ஒப்பீட்டு கிரேடு, நிலையான கிரேடு இரண்டையுமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் இதை மாணவருக்கு முழு நீதி என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒப்பீட்டு முறை கேள்வித்தாளின் கடுமையைத்தான் சரிசெய்யும். திருத்துபவரின் கடுமையை அல்ல. விடைத்தாள்கள் மதிப்பீட்டு முகாம்களுக்குப் போகின்றன, கட்டுகளாகப் பிரிகின்றன, வெவ்வேறு ஆசிரியர் கைக்குப் போகின்றன. ஒருவர் படிப்படியாக மதிப்பெண் போடுவார். இன்னொருவர் கடைசி விடை தப்பென்றால் பெரிய கோடு ஒன்றை இழுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். முதலாமவர் கையில் விழுந்த கட்டு 5 மதிப்பெண் உயர்ந்து நிற்கும், இரண்டாமவர் கட்டு 5 மதிப்பெண் தாழ்ந்து நிற்கும். மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டு கட்டையும் ஒரே குவியலாக்கி எல்லை போடும். நிலையான முறையில் தாராளமான கையால் லாபம் அடைந்தவரால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஒப்பீட்டு முறையில் அவருக்குக் கிடைத்த கூடுதல் மதிப்பெண்ணும் சராசரியை உயர்த்தி, உங்கள் எல்லையை மேலே தள்ளுகிறது.

தேறியவர்களின் மதிப்பெண் மட்டுமே இந்தக் கணக்கில் சேரும் என்பதையும் கவனியுங்கள். தேறாதவர்கள் வெளியே. ஆகவே 52 எடுத்தவர் மொத்த வகுப்போடு ஒப்பிடப்படுவதில்லை, தன்னைவிட மேலே இருப்பவர்களோடுதான் பெரும்பாலும் ஒப்பிடப்படுகிறார். சரி, மறுமதிப்பீட்டில் தேறி வருபவர்கள் முதல் கணக்கின்போது அந்தக் குவியலில் இல்லை. அவர்கள் உள்ளே வந்தபின் எல்லை மீண்டும் போடப்படுகிறதா, பழைய எல்லையிலேயே அவர்களுக்கு கிரேடு தரப்படுகிறதா? எதுவானாலும் முடிவோடு சேர்த்துப் பொதுவில் சொல்ல வேண்டிய தகவல் இது.

தேர்ச்சி மட்டும் ஒப்பீட்டுக்குள் வராது. பலர் பயப்படுவதுபோல், இத்தனை பேரைக் கட்டாயம் ஃபெயில் ஆக்க வேண்டும் என்ற ஏற்பாடு எதுவும் இல்லை. மொத்தத்தில் 50 சதவீதம், பருவத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம், இவ்வளவுதான். எழுத்துப் பேப்பருக்கு இன்டர்னல் 40, பருவத் தேர்வு 60. தேர்வை 100-க்கு எழுதுகிறீர்கள், அது 60-க்குச் சுருக்கப்படுகிறது. 45 மட்டும் எடுத்தால் 27 ஆகும்; மீதி 23 இன்டர்னலில் இருக்க வேண்டும். இன்டர்னலில் 15 மட்டும் இருந்தால் பருவத் தேர்வில் 59 எடுத்தால்தான் கரை சேரலாம். இன்டர்னல் முழு 40-ம் இருந்தாலும் தேர்வில் 44 எடுத்தால் யு தான், அதாவது தேர்ச்சி இல்லை.

பழைய முறையில் இன்டர்னல் 20 மதிப்பெண்தான், இப்போது இரட்டிப்பு. இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார், மினி பிராஜெக்ட் வகைக்கு 40, இரண்டையும் சேர்த்து 40-க்குச் சுருக்குகிறார்கள். இந்த 40-க்கு மறுமதிப்பீடு கிடையாது. பருவத் தேர்வு தொடங்கும் முன்பே கல்லூரிக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது அது. முடிவு வந்த பிறகு அழுது பயனில்லை.

இனி முறையீட்டுக்கு வருவோம். படிகள் மூன்று. முதலில் விடைத்தாள் நகல். அதைப் பாட ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, அவர் பரிந்துரைத்தால் மறுமதிப்பீடு. அதிலும் திருப்தி இல்லை என்றால் மறுஆய்வு. ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்கு நேராகப் போக முடியாது: மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவருக்குத்தான் மறுஆய்வு உண்டு. ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டணம், தனிக் கெடு.

நகல் கைக்கு வந்ததும் முதலில் கூட்டல். பிறகு எந்தக் கேள்விக்காவது மதிப்பெண் போடாமல் விட்டிருக்கிறார்களா என்று பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். முன்பக்கக் கட்டத்தில் உள்ள எண்ணும் உள்ளே போட்ட எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 5 மதிப்பெண் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 60-க்குச் சுருங்கும்போது அது 3. அந்த 3 உங்களை பி பிளஸிலிருந்து ஏ-க்கு ஏற்றுமா?

தெரியாது. இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். முடிவுப் பக்கத்தில் கிரேடு மட்டும் வருகிறது. அந்தப் பாடத்தில் ஏ எந்த மதிப்பெண்ணில் தொடங்கியது என்பது அங்கே இல்லை. பழைய முறையில் 69 எடுத்த மாணவிக்கு இன்னும் 2 வேண்டும் என்று தெரியும். பணம் கட்டலாமா வேண்டாமா என்று யோசித்து முடிவெடுப்பார். இப்போது எல்லை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாமலே கட்டணம் கட்டுகிறார். மறுமதிப்பீடு விடைத்தாளை மட்டும்தான் மறுபடி பார்க்கும், எல்லையை அல்ல. கிரேடின் ஒரு பாதி உங்கள் தாளிலிருந்து வருகிறது, மறுபாதி மற்றவர்களின் தாள்களிலிருந்து வருகிறது. அந்த மறுபாதியைப் பற்றிக் கேள்வி கேட்க இந்த மூன்று படிகளில் எதிலும் இடம் இல்லை.

சென்னை ஐஐடி போன்ற இடங்களிலும் ஒப்பீட்டு கிரேடுதானே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அங்கே பாடம் நடத்தியவரே திருத்துகிறார், திருத்திய தாளை மாணவரிடம் காட்டுகிறார், எல்லையையும் அவரே போடுகிறார். கேட்டால் பதில் சொல்ல எதிரில் ஒரு ஆள் இருக்கிறார். இங்கே யார் திருத்தினார் என்பது மாணவருக்குத் தெரியாது. எல்லை போட்டது மென்பொருள்.

முதல் மதிப்பீடே நம்பகமானது என்று சொல்லும் நிலையிலும் பல்கலைக்கழகம் இல்லை. 2017 ஏப்ரல்–மே தேர்வுக்குப் பின் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுமதிப்பீடு கேட்டார்கள். 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் தேறினார்கள். பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டில் 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. கேட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தேறினார் என்றால், ஒன்று முதல் திருத்தம் மோசம், அல்லது இரண்டாவது திருத்தம் மோசம். எப்படிப் பார்த்தாலும் நேர்மையாக எழுதிய மாணவருக்குத்தான் இழப்பு.

நீதிமன்றம் எவ்வளவு தூரம் துணை வரும்? விதியில் இடமில்லாத மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1984-இலேயே, மகாராஷ்டிரக் கல்வி வாரிய வழக்கில், சொல்லிவிட்டது. 2017 டிசம்பரில் ரண் விஜய் சிங் வழக்கில் இன்னும் கறாராகச் சொன்னது: நீதிபதிகள் விடைத்தாளைத் திருத்த உட்காரக் கூடாது, சந்தேகம் வந்தால் அதன் பலன் தேர்வு நடத்திய அமைப்புக்கே. ஆனால் தாளைப் பார்க்கும் உரிமை வேறு. திருத்திய விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் தகவல்தான், எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகலும் பெறலாம் என்று 2011 ஆகஸ்டில், சிபிஎஸ்இ–ஆதித்யா பந்தோபாத்யாய வழக்கில், அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் கம்பெனி செக்ரட்டரிகள் நிறுவனம் தொடர்பான வழக்கில், நிறுவனத்தின் சொந்த விதியும் தகவல் உரிமைச் சட்டமும் இரு தனி வழிகள், மாணவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், சட்ட வழியில் கேட்டால் சட்டக் கட்டணம்தான் என்றும் தெளிவாக்கியது. தமிழ்நாட்டில் அது மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

இதில் சிக்கல் காலம்தான். சட்டப்படி பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மறுமதிப்பீட்டுக் கெடு போய்விடும். ஆகவே மறுமதிப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் பல்கலைக்கழக வழியிலேயே நகல் வாங்குங்கள். தகவல் உரிமை மனுவை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள்: உங்கள் பாடத்தில் ஒவ்வொரு கிரேடின் எல்லை என்ன, தேறியவர்களின் சராசரி என்ன, எத்தனை பேரின் மதிப்பெண் கணக்கில் சேர்ந்தது?

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

அரியர் இருந்தால் சிஜிபிஏ குறையுமா? யு கணக்கில் சேராது. ஆனால் எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே தேறியவருக்குத்தான் டிஸ்டிங்ஷன்.

முதல் வகுப்புக்கு எவ்வளவு சிஜிபிஏ வேண்டும்? 6.50, டிஸ்டிங்ஷனுக்கு 8.50.

செய்முறைத் தேர்வுக்கு மறுமதிப்பீடு உண்டா? இல்லை.

தன்னாட்சிக் கல்லூரியில் படித்தால்? முறையீடு அந்தக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது.

திருத்தியவர் பெயரைக் கேட்டுப் பெறலாமா? முடியாது.

பாடவாரியாக கிரேடு எல்லைகளை முடிவு வெளியாகும் நாளிலேயே வெளியிடப் பல்கலைக்கழகத்துக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. மென்பொருளிடம் அந்த எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதைச் செய்ய வேண்டும். செய்யும் வரை ஒரு வேண்டுகோள்: வகுப்பில் நகல் வாங்கியவர்கள் நான்கைந்து பேராவது சேர்ந்து, மொத்த மதிப்பெண்ணையும் கிடைத்த கிரேடையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லை ஏறத்தாழ எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பணம் கட்டுவதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். கெடு முடியும் கடைசி நாள் வரை மட்டும் காத்திருக்காதீர்கள்.