சொல்லைப் பிரித்துப் படிப்போம்

மலாய்ப் பாடத்தைப் பிள்ளை திக்கித் திக்கிப் படிக்கும்போது, "நமக்குத்தான் அது தெரியாதே" என்று தோட்டத்துப் பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப் பள்ளிக்குப் போனால் பெரும்பாலான பாடங்கள் மலாயில்தான். ஆகவே ஒதுங்க வேண்டாம். காது இருந்தால் போதும்.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். பழந்தின்னி வௌவாலின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது குளுவாங். அந்த வௌவாலைப் பள்ளியில் கெ–லு–அங் என மூன்றாகப் பிரிக்கச் சொல்வோம். துண்டுக்கு ஓர் உயிரொலி, அதுதான் கணக்கு. தமிழ் யாப்பில் கணக்கு வேறு. 'குளு' இரு குறில் இணைந்த நிரையசை. 'வாங்' நெடிலும் ஒற்றும் சேர்ந்த நேரசை. இரண்டே அசை, புலவர்கள் புளிமா என்பார்கள்.

இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் நின்றால் அது பின்னதோடு போகும்: சோற்றுக்கு நா–சி. இரண்டு நின்றால் ஆளுக்கு ஒன்று: குளிப்பதற்கு மன்–டி. சிக்கல் ஙகரத்தில்தான். ரோமன் எழுத்தில் அது இரண்டெழுத்து, ஒலியோ ஒன்று. சிங்கத்தைச் சி–ஙா என்று பிரிக்க வேண்டும். நம் பிள்ளைகள் சிங்–கா என்பார்கள்; வழியில் ஓரிடத்தில் தங்கிப் போவதைக் குறிக்கும் சொல் போல அது கேட்கும். பிள்ளையை அதட்டாதீர்கள். தமிழில் ஙகரம் ககரத்தை விட்டுப் பிரிவது அரிது. 'அங்ஙனம்' என்று நாலு முறை சொல்லச் சொல்லுங்கள், ஒலி தானே வரும்.

இனி அழுத்தம். தமிழில் பொருளை மாற்றுவது நீட்டமே: படம், பாடம். இத்தாலிய மொழியில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசையில் விழும். இடம் மாறினால் பொருளும் மாறலாம். 'ஆங்கோரா' என்பதில் முதலசையை அழுத்தினால் நங்கூரம், நடுவசையை அழுத்தினால் 'இன்னும்'. 1680இல் அந்நாட்டில் பிறந்த வீரமாமுனிவர்தான் நம் எகர ஏகாரங்களை எழுத்தில் வேறுபடுத்தியவர் என்பது நீங்கள் கேள்விப்பட்டதே.

மலாயில் அழுத்தம் பொருளை மாற்றாது. அங்கே இடறுவது எகரம். 'செப்பாக்' என்பதில் எகரத்தைத் தெளிவாகச் சொன்னால் காலால் உதைப்பது. மங்கலாகச் சொன்னால் கன்னத்தில் அறைவது! எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. இதை மட்டும் ஆசிரியர் வாயால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

மற்றதற்கு நீங்களே போதும். இன்றிரவு சாப்பிட்டபின் பிள்ளை ஐந்து சொல் படிக்கட்டும். துண்டுக்கு ஒரு கைத்தட்டு. செ–கோ–லா மூன்று தட்டு. விளையாட்டுக்கு மா–இன், இரண்டு. அதை ஒரே தட்டில் முடித்தால் மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.