உயிர்ச்சுவடுகளும் உறவுகளும்: தொல் சூழற்றொகுதிகளை மீளமைத்தல் பற்றிய ஒரு முறையியல் நோக்கு

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் தொகுதியில், பழைய உழைப்புக் கருவிகளின் எச்சங்களைக் கார்ல் மார்க்ஸ் உயிர்ச்சுவடுகளோடு ஒப்பிட்டார். மறைந்த சமுதாயங்களின் பொருளியலமைப்பை ஆராய்வோர் இவ்வொப்புமையை நன்கறிவர். ஆயின் அதன் மறுபாதி எம்மிடையே போதிய கவனம் பெறவில்லை. எஞ்சிய சில பாகங்களிலிருந்து ஓர் உயிரினத்தையும், உயிரினங்களிலிருந்து அவற்றிடையே நிலவிய உறவுகளையும் விஞ்ஞானிகள் எவ்வாறு அறிகின்றனர்? சான்று, ஊகம் என்பன பற்றிய இவ்வினா இலக்கிய வரலாறு பயில்வோராகிய எமக்கும் உரியது என்பதனாலேயே இதனை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதற்கண் மனங்கொள்ள வேண்டியது, உயிர்ச்சுவடுப் பதிவு பழைய உலகின் முழுமையான படிமம் அன்று என்பதாகும். ஓடு, எலும்பு, பல் ஆகிய வன்பாகங்கள் எளிதில் எஞ்சுகின்றன. மென்னுடல்கள் அழுகி மறைகின்றன. விரைவாகச் சேற்றில் புதையுண்டவை நிலைக்கின்றன. வெளியிற் கிடந்தவை சிதைகின்றன. உயிரினம் இறந்தது முதல் பாறையில் உறையும் வரை அதற்கு நேர்வனவற்றை ஆராயும் துறைக்கு, சோவியத் அறிஞர் இவான் எஃப்ரெமோவ் 1940இல் 'ரஃபொனமி' எனப் பெயரிட்டார். அறிவியற் புனைகதை ஆசிரியராகவே அவரை அறிந்த வாசகர்கள் இதனையும் அறிதல் நன்று. எவை எஞ்சின என்பதோடு, ஏனையவை ஏன் எஞ்சவில்லை என்பதையும் ஆய்வுப் பொருளாக்கியமை இத்துறையின் பங்களிப்பாகும்.

கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்திலுள்ள பேர்ஜஸ் களிப்பாறைப் படிவு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 508 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட கேம்பிரியன் காலக் கடலடிச் சமூகமொன்று அங்கு மென்னுடல்களோடு பேணப்பட்டுள்ளது. 1909இல் அதனைக் கண்டறிந்த சார்ள்ஸ் வொல்கொற், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 65,000க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்தார். இச்சமூகத்தின் அமைப்பை 1986இல் ஆராய்ந்த சைமன் கொன்வே மொறிஸ், அங்கு வாழ்ந்த உயிர்களுள் வன்கூடுடையவை நூற்றுக்கு ஒரு சிலவே எனக் காட்டினார். அதாவது, வழமையான படிவொன்றில் எமக்குக் கிடைத்திருக்கக்கூடியது அச்சிறுபான்மை மட்டுமே. பெரும்பான்மையின் இருப்பையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

எனினும் உயிரினப் பட்டியல் சூழற்றொகுதி ஆகிவிடாது. எது எதனை உண்டது, எது எதனிடமிருந்து தப்பியது என்னும் உறவுகளே தொகுதியை ஆக்குகின்றன. உறவு நேரடியாகக் கல்லாவது அரிது. அதன் தடயங்களையே தேட வேண்டும். பேர்ஜஸ் படிவின் ஒற்றோயா என்னும் புழுவின் குடலில், அது விழுங்கிய கூம்போட்டு உயிரிகள் இன்றும் காணப்படுகின்றன. இதுபோன்ற நேர்ச்சான்று மிக அருமையானது. வேறு பல படிவுகளில், சிப்பியோட்டில் நத்தை துளைத்த வட்டத் துளை, வேட்டை விலங்கு அங்கு இல்லாத போதும் இரு உயிர்களின் சந்திப்பைக் கூறுகின்றது. முற்றுப்பெறாத துளை வேட்டை தோற்றதைக் கூறுகின்றது. திரைலோபைற்று ஓடுகளிற் காணப்படும் ஆறிய காயங்களையும் அவதானத்தோடு வாசிக்க வேண்டும். தப்பிப் பிழைத்தவற்றின் காயங்களே ஆறும். முற்றாக உண்ணப்பட்டவை அக்கணக்கில் இடம்பெறா.

தடயங்களை இணைக்குமிடத்தே தவறுகள் நேர்கின்றன. அனோமலோகாரிஸ் என்னும் பெரிய விலங்கின் பற்றுறுப்பு, 1892இல் தலையற்ற இறாலின் உடலாகக் கொள்ளப்பட்டது. அதன் இனத்தைச் சேர்ந்த விலங்கொன்றின் வாய்வளையத்தை 1911இல் வொல்கொற் சொறிமீன் எனக் கருதினார். இவை ஒரே வகை விலங்கின் உறுப்புகள் என்பதை 1985இல் விற்றிங்ரனும் பிறிக்ஸும் விரிவாக நிறுவினர். அதன்பின் அவ்விலங்கு திரைலோபைற்றுகளை நொறுக்கி உண்ட 'கடலின் அரசன்' எனச் சித்திரிக்கப்பட்டது. ஆனால் அதன் பற்றுறுப்புகள் வன்னோட்டை நொறுக்குவதற்கு ஏற்றவையல்ல, மென்னுடல் இரையை விரைந்து பற்றவே ஏற்றவை என 2023இல் வெளியான ஆய்வொன்று வாதிட்டது. அரசனும் குடிகளும் என்ற படிமம் பாறையிலிருந்து வந்ததன்று. பார்ப்பவர் வாழும் சமுதாயத்திலிருந்து வந்தது. போட்டியையே இயற்கையின் ஒரே நியதியாகக் காண்போருக்கும், எங்கும் ஒத்துழைப்பையே காண விரும்பும் முற்போக்காளருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

2008இல் கேம்பிரியன் கால உணவு வலைகளை மீளமைத்த ஆய்வாளர் குழுவொன்று பின்பற்றிய முறை இங்கு குறிப்பிடத்தக்கது. ஒவ்வோர் உணவுத் தொடர்பையும் அவர்கள் ஒரே தரத்ததாகக் கொள்ளவில்லை. உறுதி எத்துணை என்பதற்கேற்பத் தரப்படுத்தினர். அவ்வாறு கிடைத்த வலைகள் பல அமிசங்களில் இன்றைய உணவு வலைகளை ஒத்திருந்தன. குடலுட் கண்ட சான்றும் உடலமைப்பிலிருந்து பெற்ற ஊகமும் பிரித்துக் காட்டப்பட்டமையாலேயே அம்முடிவைப் பிறர் சோதிக்க முடிகின்றது.

எமது துறைக்கு இதிலுள்ள பாடம் தெளிவானது. ஏட்டிலும் கல்வெட்டிலும் எஞ்சியவை சமுதாயத்தின் வன்கூடுகள். உழைத்தோர் வாய்மொழியாகப் பாடியவற்றுட் பெரும்பகுதி மென்னுடல்களைப் போல மறைந்தது. எஞ்சியவற்றை மட்டுமே வரலாறு எனல் பிழை. எஞ்சாதவற்றை எமது விருப்பத்தால் நிரப்புவதும் பிழையே. மௌனத்தின் காரணத்தை ஆராய்ந்து, கூற்றொவ்வொன்றின் உறுதிநிலையையும் வெளிப்படையாகக் கூறுவதே பொருள்முதல்வாத ஆய்வாளனின் கடமையாகும்.